ஏழாவது குழாய்

அத்தியாயம் 14

போன வாரம் மூக்கம்மாவை நெற்றியில் தைலத்தோடும் வாயில் ஒரு பொய்யோடும் படுக்கையில் விட்டுவிட்டு வந்தோம். "தலைவலி உயிர் போகுது, நாளைக்கு நான் எங்கேயும் வரலை" என்பது அந்தப் பொய். விடிந்துவிட்டது. தைலம் காய்ந்துவிட்டது. பொய் மட்டும் அவளோடு எழுந்து சமையலறைக்கு வந்து நின்றது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ரெண்டு வார்த்தை. மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சோப்புத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக வாசனை பார்க்கிற வேலை அவளுக்கு. கொப்பரையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஈடு சோப்பையும் முகர்ந்து பார்த்து, 'போகலாம்' என்றோ 'நிக்கட்டும்' என்றோ சொல்ல வேண்டும். அவள் 'நிக்கட்டும்' என்று சொல்லிவிட்டால், முதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்த ஈடு வாசல் தாண்டாது. அப்படி வந்த பெயர் அது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டது. போன காய்ச்சல் சும்மா போயிருக்கக் கூடாதா? வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருக்கிறது, மூச்சு ஓடுகிறது, அவ்வளவுதான். ரோஜாவும் ஒன்றுதான், ரப்பரும் ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் கூட இல்லை. டாக்டரிடம் போனால் சீட்டில் எழுதிவிடுவார், எழுதிவிட்டால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

வேலையை எப்படி ஓட்டுகிறாள் என்று கேட்பீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு ஈட்டையும் இரண்டு பேர் முகர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மூக்கம்மாவுக்கு ஜோடி குருவி என்று ஒருத்தி. இரண்டு பிள்ளைக்குத் தாய், பத்து வருஷமாகப் பக்கத்து நாற்காலி. சரக்கு சரியாக இருந்தால் குருவியின் முகம் சும்மா இருக்கும். கோளாறு என்றால் இடது புருவம் மட்டும் ஒரு நூல் மேலே ஏறும். மூக்கம்மா எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருப்பது சோப்பை இல்லை, குருவியின் புருவத்தை.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். மகள் குறுக்கே வந்தாள்.

ஒரே மகள். அவள் செய்கிற வேலை என்ன என்று மூக்கம்மாவால் இதுவரை பக்கத்து வீட்டில் விளக்க முடிந்ததில்லை. 'ஓவியமா?' என்றால் இல்லை. 'மெஷினா?' என்றால் அதுவும் இருக்கிறது. 'அதை வாங்கிட்டுப் போய் என்ன பண்ணுவாங்க?' என்றால் ஒன்றும் பண்ண மாட்டார்கள், வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இரண்டு வருஷமாக அவள் கட்டியிருப்பது 'வாசனைச் சுவர்'. ஒரு வெள்ளைத் துணிச் சுவர். அதற்குப் பின்னால் அறுநூறு குட்டி பல்புகள். எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து, பித்தளைத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குழாயை முகர வேண்டும். மூச்சு எப்படி மாறுகிறது, உள்ளங்கை எவ்வளவு வேர்க்கிறது என்று மெஷின் பார்க்கும். அந்த வாசனை உங்களுக்குள் எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவுக்குச் சுவரில் வெளிச்சம் வரும்.

இன்றைக்குப் பதினோரு மணிக்குக் கலைக்கூடத்துத் தலைவி வந்து பார்க்கிறார். பிடித்தால் ஒரு வருஷத்துக்குப் பெரிய கூடம். பிடிக்காவிட்டால் சாயங்காலமே கழற்றி மூட்டை கட்ட வேண்டும்.

அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: 'முதலில் முகர்பவர், கலைஞரின் தாயார்.'

"தலைவலி எப்படி இருக்கு?" என்று கேட்டபடி கணவர் சமையலறைக்குள் வந்தார். சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் மெத்தை தைக்கிறவர். துணியைப் போலவே பேச்சையும் அளந்துதான் வெட்டுவார்.

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"சரி, வர வேண்டாம். பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மூக்கம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரெண்டு தடவையாவது கெஞ்சுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். மனுஷன் ஒரே வார்த்தையில் விட்டுவிட்டாரே!

அவர் ஜன்னலைத் திறந்தார். அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். பால் பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் வைத்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏங்க, கொஞ்ச மாசமா உங்களுக்கு இந்த அடுப்பு மேல அப்படி என்ன பாசம்? காலைல ஒரு தடவ தடவறீங்க, மத்தியானம் ஒரு தடவ தடவறீங்க."

"கேஸ் சமாச்சாரம். பாத்துக்கணும்ல."

"பாத்திரத்தை நான் தேய்க்க மாட்டேனா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார் அவர், திரும்பாமலே.

போன் அடித்தது. மகள். ஹலோ சொல்லக் கூட விடவில்லை.

"அம்மா, நீ எதுவும் பேசாத, நான் சொல்றத மட்டும் கேளு. தலைவலின்னு அப்பா நேத்தே சொன்னார். மாத்திரை போடு. சுடுதண்ணி குடி. என்ன வேணா பண்ணு, ஆனா வந்துடு. ரெண்டு நாளா நான் தூங்கல. நீ வந்து அந்த நாற்காலில உக்காந்தாதான் எனக்கு மூச்சே வரும்."

"ஏண்டி, நான் என்ன பெரிய..."

"நீதாம்மா இதுக்கெல்லாம் காரணம். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்தா என் தலைய மோந்து பாத்துட்டு, 'இன்னிக்கு லைப்ரரிக்குப் போயிருக்க, அப்புறம் அழுதிருக்க'ன்னு சொல்லுவ. எப்படிம்மா தெரியும்னு யோசிச்சு யோசிச்சுதான் இங்க வந்து நிக்கறேன்."

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? மூக்கம்மா போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள்.

"தலைவலி?" என்றார் கணவர்.

"பறந்து போச்சு" என்றாள்.

கணவரோடு பஸ்ஸில் போகும்போதே திட்டம் போட்டுவிட்டாள். ஏழு குழாயில் ஆறுக்குச் சரக்கு கொடுத்தது சோப்புத் தொழிற்சாலை. புட்டிகளை நிரப்பி, பெயர் ஒட்டி, வரிசையாக அடுக்கி அனுப்பியவளே அவள்தான். வரிசை அவளுக்கு மனப்பாடம்: ரோஜா, எலுமிச்சை, மல்லிகை, புதினா, யூகலிப்டஸ், தேன். நன்றாக மூச்சை இழுத்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகப் பெயரைச் சொல்ல வேண்டியது. மூச்சைத்தானே மெஷின் பார்க்கிறது? இழுக்கிற இழுப்பில் சுவர் எரியாமல் எங்கே போகும்! ஏழாவது குழாய் மட்டும் மகளுடைய ரகசியச் சரக்கு. 'முன்னாடியே சொல்ல மாட்டேன்' என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் 'போதும், மத்தவங்களும் பாக்கட்டும்' என்று எழுந்துவிடலாம்.

திட்டத்தில் ஓட்டை எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கலைக்கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். தொழிற்சாலை மேலாளர் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தார். வயிறு குலுங்கச் சிரிக்கிற மனிதர். தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி வருகிறவர்களை எல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! இவங்கதான் எங்க மூக்கம்மா. மேடம், இவங்க மூக்கு பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. இருபத்தாறு வருஷம்!"

மேடம் என்று அவர் சொன்னது கலைக்கூடத்துத் தலைவியை. ஒல்லியான பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்க விட்டிருந்தார். "சந்தோஷம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையையும் யோசித்துத்தான் சொன்ன மாதிரி இருந்தது.

மகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. கண்ணுக்குக் கீழே கருவளையம். இருந்தும் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

நாற்காலி அவளுக்குத் தெரிந்த நாற்காலிதான். கணவர் ஒரு மாதம் உட்கார்ந்து தைத்தது. இடது கைப்பிடிக்கு வழுவழுவென்று வெல்வெட், வலது கைப்பிடிக்குச் சொரசொரவென்று சாக்குத் துணி. இரண்டையும் தொட்டபடி உட்கார்ந்தால் உடம்பு தானாக விழித்துக்கொள்ளும் என்று மகள் கேட்டு வாங்கிய வேலை. மூக்கம்மா உட்கார்ந்தாள். பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். விளக்குகளை அணைத்தார்கள்.

முதல் குழாய். இழுத்தாள்.

"ரோஜா" என்றாள்.

சபாஷ் என்று மேலாளர் கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

சுவர் இருட்டாகவே இருந்தது.

கொஞ்சம் நேரமாகும் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டாவது. "எலுமிச்சை." கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. சுவரில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "மல்லிகை." "புதினா." நெஞ்சு வெடிக்கிற மாதிரி இழுத்தாள். "யூகலிப்டஸ்." "தேன்."

ஆறுக்கு ஆறும் சரி. அறுநூறு பல்பில் ஒன்று கூடக் கண் சிமிட்டவில்லை.

மகள் நாலு காலில் தவழ்ந்து சுவருக்குப் பின்னால் போனாள். வயரை இழுத்துப் பார்க்கிற சத்தம், ஏதோ பொத்தானை அமுக்குகிற சத்தம். தலைமுடியில் தூசியோடு வெளியே வந்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். காலைல நல்லா ஓடிட்டிருந்துச்சு. அம்மா, நீ எழுந்துக்கோ. சார், நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்."

மேலாளர் குஷியாக உட்கார்ந்தார். முதல் குழாயை மூக்கில் வைத்ததுதான் தாமதம், சுவர் அப்படியே தகதகவென்று எரிந்தது. அறுநூறு பல்பும். கூட்டம் 'ஓ'வென்றது.

"அடேயப்பா!" என்று சிரித்தார் மேலாளர். "ஆனா மேடம், எனக்கு இது ரோஜாவா, ரப்பரான்னு கூடத் தெரியாது. என் பொண்டாட்டியக் கேளுங்க, சொல்லுவா!"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"வாசனையே தெரியாதவருக்கு முழுச் சுவரும் எரியுது. ஆறையும் சரியாச் சொன்னவங்களுக்கு ஒரு பல்பு எரியல" என்றார். "அப்ப இது எதைத்தான் அளக்குது?"

கேள்வி நியாயமான கேள்வி. மகள், மேலாளர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெஷின் சரியா வேலை செய்யுதுன்னா, அவங்களுக்கு வாசனை தெரியலன்னு அர்த்தம்" என்றார் தலைவி.

"அது நடக்காது மேடம்" என்றாள் மகள் பட்டென்று. "எங்கம்மா மூக்கு தப்பா இருக்காது. என் கணக்குலதான் தப்பு. ரெண்டு வருஷமும் எங்கேயோ தப்பாவே போட்டிருக்கேன்."

"அப்ப வருத்தந்தான். பெரிய கூடத்துக்கு இது தயாரா இல்ல."

"புரியுது மேடம்."

மகள் குனிந்தாள். சுவரின் மின்கம்பியைச் செருகியிருந்த இடத்துக்குப் போய் மண்டியிட்டாள். அவள் பின்கழுத்து மட்டும் மூக்கம்மாவுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலையை மோந்து பார்க்கக் குனிந்த அதே கழுத்து. அழுகிறாளா, அடக்குகிறாளா என்று தெரியவில்லை. அந்தக் காலமாக இருந்தால் பக்கத்தில் போனாலே தெரிந்திருக்கும்.

மூக்கம்மா மேலாளரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம். ஒரு வார்த்தை சொன்னால் அந்த நாற்காலி போய்விடும், அந்தப் பெயரும் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் தன் கணக்குத் தப்பு என்றே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். நாளைக்கும் நம்புவாள், பத்து வருஷம் கழித்தும் நம்புவாள்.

"பிடுங்காதடி" என்றாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அத பிடுங்காத. உன் கணக்கு சரிதான். மெஷின் பொய் சொல்லல. பொய் சொன்னது நான்." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை அவளுக்கு. "எனக்கு வாசனை தெரியல. எட்டு மாசமாச்சு. காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. புட்டிய நான்தானே அடுக்கினேன், வரிசைய மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். ரோஜாவும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. மேடம், இந்த மெஷின் ஒண்ணுதான் என்னைக் கண்டுபிடிச்சது. அத போய்க் கழட்டச் சொல்றீங்களே!"

போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மாசமாவா? ஏம்மா சொல்லல? என்கிட்ட கூடவா சொல்லல?"

"என்னன்னுடி சொல்லுவேன்? பேரே மூக்கம்மா."

"எனக்குத் தெரியும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கணவர்! தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். நாற்பது பேருக்கு நடுவில் அந்த மனிதர் பேசி யாரும் பார்த்ததில்லை.

"காய்ச்சல் விட்ட மறுநாள் பால் தீஞ்சு வீடே புகையா கெடக்கு, நீ பக்கத்துலயே நின்னு பாட்டுப் பாடிட்டிருந்த. அப்பவே தெரியும். நீயா சொல்லுவன்னு விட்டுட்டேன்."

"அதான் அந்த அடுப்பு..."

"ஆமா."

"பால் பாத்திரம்..."

"வாரத்துக்கு ரெண்டு தடவ அடிப்பிடிக்கும். நீ பாக்கறதுக்குள்ள தேய்ச்சு வச்சிடுவேன். டீல தீஞ்ச வாசனை அடிச்சாலும் மத்தவங்க ஒண்ணும் சொல்லாம குடிச்சுடுவாங்க."

"மத்தவங்கன்னா யாரு? வீட்ல இருக்கறதே நாம ரெண்டு பேர்தான்!"

"அதான் சொல்றேன், நான்தான் குடிச்சேன்" என்றார் அவர்.

யாரோ ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மூக்கம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. மனுஷன் எட்டு மாதம் தீய்ந்த பாலில் டீ குடித்திருக்கிறார்! ஒரு நாளாவது முகம் சுளித்திருக்கக் கூடாதா?

மேலாளர் மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"மூக்கம்மா, எட்டு மாசத்துல ஒரு புகார் வரல. ஒரு சோப்பு திரும்பி வரல. உங்களுக்குத் தெரியலன்னா, யார் மூக்கு வேலை பாத்துச்சு?"

அவள் வாயைத் திறக்கவில்லை. தன் வண்டவாளம் ஏறட்டும், குருவியை ஏன் தண்டவாளத்தில் ஏற்ற வேண்டும்?

மேலாளர் சட்டைப் பையில் கையை விட்டார். ஒட்டிய உறை ஒன்றை எடுத்தார். "நேத்து சாயங்காலம் குருவி வந்து குடுத்தா. 'நாளைக்குக் கண்காட்சி முடிஞ்சப்புறம் பிரிங்க சார்'னு சொன்னா. லீவு லெட்டர்னு நெனச்சேன்." உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, பிரிக்காமல் மூக்கம்மாவின் கையில் வைத்தார். "நீங்களே வச்சிருங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு என் ரூமுக்கு வாங்க. நீங்களும் குருவியும், ரெண்டு பேருமா வாங்க. அங்க பிரிச்சுக்கலாம்."

கோபமா, இரக்கமா என்று அந்த முகத்தில் அவளால் படிக்க முடியவில்லை. புருவத்தைப் பார்த்துப் படிக்கிற வித்தையெல்லாம் குருவியோடு சரி. உறையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம்" என்றார் கலைக்கூடத்துத் தலைவி. இவ்வளவு நேரமும் அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "இவருக்குப் பேர் சொல்லத் தெரியல. ஆனா சுவர் முழுக்க எரிஞ்சுதே?"

"பேர் தெரியணும்னு இல்ல மேடம்" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உள்ள என்ன ஆச்சுன்னுதான் அது பாக்குது. சார், அந்தக் குழாய மோந்தப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?"

மேலாளருக்குக் காது சிவந்துவிட்டது. "அது வந்து... என் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு லெட்டர் வரும். அதுல இந்த வாசனை அடிக்கும். யார் எழுதினதுன்னு மட்டும் கேக்காதீங்க."

இந்தத் தடவை தலைவியே சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் தொங்க விட்டார்.

"பெரிய கூடம். ஒரு வருஷம்" என்றார். "ஆனா எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கணும். ஏழு குழாய்னு சொன்னீங்க. ஆறுதானே ஆச்சு?"

"எனக்கு வேண்டாம்மா" என்று மூக்கம்மா பின்வாங்கினாள். "இருட்டுச் சுவர எத்தன தடவதான் பாக்கறது?"

"கண்ண மூடிக்கோ" என்றார் கணவர். "நாற்காலி நல்லா இருக்கில்ல? நாற்காலிக்காக உக்காரு."

இப்படிச் சொன்னால் மறுக்க முடியுமா? உட்கார்ந்தாள். கையைத் தகட்டில் வைத்தாள். கண்ணை இறுக மூடினாள். இந்தத் தடவை ஒப்பிக்க ஒன்றும் இல்லை, நடிக்க ஒன்றும் இல்லை. மகள் ஏழாவது குழாயை மூக்கருகே கொண்டு வந்தாள்.

மூச்சு இழுத்தாள். காற்று போனது. காற்று வந்தது.

"ஒண்ணும் இல்லடி" என்றாள். "சொன்னேனே."

கணவரின் கை தோளில் விழுந்தது. தடித்த, ஊசி குத்திக் காய்த்துப் போன கை.

"கண்ணத் திற" என்றார்.

திறந்தாள்.

சுவரின் இடது பக்கம், கீழே மூலையில், பத்துப் பதினோரு பல்புகள். வெளிச்சம் என்று கூடச் சொல்ல முடியாது, மங்கலாக, மஞ்சளாக, இப்பவோ அப்பவோ என்று. ஆனால் எரிந்தன.

"வயர் ஏதாச்சும் தொட்டுக்கிச்சா?" என்றாள் மூக்கம்மா.

"வயரும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் மகள்.

"எனக்குத் தெரியலையே. நெஜமா தெரியலடி. சத்தியமா."

"உனக்குத் தெரியல. உன் உள்ளங்கைக்குத் தெரிஞ்சிருக்கு. உன் மூச்சு அரை நொடி நின்னுச்சும்மா, நான் பாத்தேன்."

"சும்மா என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாத."

"நீதானே சொன்ன?" மகள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "நாப்பது பேர் முன்னாடி நீதானே சொன்ன, மெஷின் பொய் சொல்லலன்னு? எரியாதப்ப நிஜம்னா எரியறப்பவும் நிஜந்தானே?"

மூக்கம்மாவின் வாதமே அவளை மடக்கிவிட்டது.

"உள்ள என்னதான் இருக்கு அதுல?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"அப்பா குடுத்த யோசனை. 'எல்லார் வீட்லயும் இருக்கற வாசனை ஒண்ணு வை'ன்னார். நாலு பாத்திரத்தப் பாழாக்கி, அடியில ஒட்டினதச் சுரண்டிப் போட்டு வச்சேன்." குழாயைத் தூக்கிக் காட்டினாள். "தீஞ்ச பால்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. மேலாளருக்கு வயிறு குலுங்குகிற சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

"அட நன்றி கெட்ட மூக்கே!" என்றாள் மூக்கம்மா, கண்ணீர் வழிய வழிய. "இருபத்தாறு வருஷம் ரோஜாவும் மல்லிகையுமா ஊட்டி வளத்தேன். அதையெல்லாம் விட்டுட்டு, தீஞ்ச பாலுக்குப் போய் எந்திரிக்கிறியே!"

"நாளைக்கு அந்த ஒன்பது மணி வேலை முடிஞ்சதும் நேரா டாக்டர்கிட்ட போறோம்" என்றார் கணவர். அன்றைக்கு அவர் பேச்சை அளந்து வெட்டவில்லை. "நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"போலாம்" என்றாள். இந்த எட்டு மாதத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்குப் பயம் வராதது இதுதான் முதல் தடவை.

மூலையில் பல்புகள் மெல்ல அணைந்தன. கைப்பைக்குள் குருவியின் உறை பிரிக்காமல் கிடந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ, தெரியாது. ஆனால் நாளைக்குத்தானே?

கையை மறுபடி தகட்டில் வைத்தாள். வெல்வெட்டையும் சாக்கையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க, அந்தக் கருமத்த இன்னொரு தடவ காட்டு" என்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

கணவர் குனிந்து, தையல் எண்ணுகிற மாதிரி, விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்.

"ஒம்பது... பத்து... பதினொண்ணு..." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தா பாரு, பன்னெண்டு."